பூம்பாறைக்கு மேலே ஓர் இரும்புச் சட்டை

கொடைக்கானலைப் பற்றி நான் எழுதிய பழைய பதிவுகளைப் படித்துவிட்டு, "ஏரியும் படகும் போதும் ஐயா, அதைத் தாண்டி இருக்கிற மலையைப் பற்றி எழுதுங்கள்" என்று சிலர் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். ஆனால் நான் முதன்முதலாக மேல்மலைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு பூட்டைத் திறக்க. அது 1963, மாசி மாதம். எனக்கு இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் அத்தாவின், அதாவது என் அப்பாவின், பூட்டுப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது கொடைக்கானலில். அக்கா வீட்டுக்காரர் காசிம் மச்சானுக்கு அங்கே பஜாரில் கடை. மேல்மலை ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கீழே அனுப்புவார். அவர்தான் பஸ் டிரைவர் ஒருவரிடம் சொல்லிவிட்டிருந்தார்: மலையில் ஓர் ஊர்க் கோயில் பெட்டியைத் திறக்க வேண்டும், சாவி இல்லை, பெட்டியையும் உடைக்கக் கூடாது, பூட்டையும் அறுக்கக் கூடாது, வெரசா ஆள் வேண்டும். அத்தாவுக்கு அப்போது முட்டிவலி. அதனால் நான் கிளம்பினேன். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். வெள்ளனே ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டில் இருக்கலாம். கட்டணம் மூன்று ரூபாய்ச் சொச்சம். வத்தலக்குண்டு தாண்டியதும் வண்டியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். டிரைவர் என் பையைத் தூக்கி ஓரமாக வைக்கப் பார்த்து, "தம்பி, உள்ள என்னங்க, இம்புட்டுக் கனம் கனக்கு?" என்றார்.

"அரம்ணே. நாலஞ்சு தினுசு அரம், சுத்தியல்."

"அரமா? கொடைக்கானல்ல எந்த ஜெயிலை உடைக்கப் போறீக?"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

தண்ணீர் ஊற்ற வண்டி நின்ற இடத்தில் சாலையோரம் கறுப்பாகக் குமிழ் குமிழாக ஒரு கல் கிடந்தது. கையில் எடுத்தால் கல்லுக்கு மீறிய கனம். எங்கள் தொழிலில் அதைப் பார்த்தவுடன் தெரியும், சிட்டம். இரும்பை உருக்கும்போது கழிவாக ஒதுங்குவது. பெரிய ஆலைகள் வருவதற்கு முன்னால் இந்த அடிவாரங்களில் ஓடைக் கறுப்பு மணலை அள்ளி, மண் உலையில் கரியோடு போட்டு, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி இரும்பு எடுத்திருக்கிறார்கள். தென்னாட்டு உருக்கு கப்பலேறி மேற்கே போய், அங்கே வாளாக அடிக்கப்பட்டது என்று அத்தா பெருமையாகச் சொல்வார். நம் ஊரில் அதெல்லாம் எங்கே நடந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இதோ, பஸ் நிற்கிற இடத்தில் காலடியில் கிடந்தது. (இன்றும் கிடக்கும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.)

அன்று கொடைக்கானலில் தங்கி, மறுநாள் காலை மச்சானோடு பூண்டு லாரியில் பூம்பாறைக்குக் கிளம்பினேன். பதினெட்டு கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் பிடித்தது. வெற்றுச் சாக்குகளின் மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புல்லெல்லாம் உறைபனி, உப்புத் தூவியதுபோல. ஒரு வளைவில் லாரி திரும்பியதும் கீழே பூம்பாறை தெரிந்தது. படிப்படியாக வெட்டிய வயல், பூண்டுப் பச்சை, நடுவில் நெருக்கிக்கொண்டு வீடுகள். அதைப் பார்க்க மட்டுமே நீங்கள் ஒரு நாள் ஒதுக்கலாம்.

பூம்பாறையிலிருந்து எங்களுக்கு நடை, ஆறு மைலுக்குக் குறையாது. சோலைக்காட்டைக் கடந்து ஒரு பாறை மேட்டில் ஏறியபோது, பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லைப் போட்ட சிறு அறைகள் நான்கைந்து வரிசையாக இருந்தன. "செத்தவுகளுக்குக் கட்டுன வீடு மாப்ள. கல்திட்டைம்பாக. இந்த மாதிரி ஒண்ணுக்குள்ள இரும்புக் கத்தியும் ஈட்டி மொனையும் கெடந்துச்சாம்" என்றார் மச்சான். எனக்கு அங்கே நின்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. இரும்பு அப்போது எவ்வளவு அரிதாக இருந்திருக்கும்! இருப்பவனுக்கே போதாத பொருளை இறந்தவனுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நடந்துகொண்டே மச்சான் விவரம் சொன்னார். போகிற ஊரின் சாமிக்குச் சட்டைக்காரர் என்று பெயர். பல தலைமுறைக்கு முன்னால் வாழ்ந்த அந்த ஊர் ஆள்தான். பாளையக்காரர் படையோடு கீழ்நாட்டுக்குச் சண்டைக்குப் போனார், இரும்புச் சட்டை போட்டிருந்தும் நெஞ்சில் ஈட்டி வாங்கிச் செத்தார், சட்டை மட்டும் ஊருக்குத் திரும்பியது என்பது கதை. அதைப் பூட்டி வைத்த பெட்டியை மாசித் திருவிழாவில் ஒரு குறிப்பிட்ட வீட்டு ஆண் தலையில் சுமந்து ஊரைச் சுற்றி வருவான். பெட்டியை இப்போது உயிரோடிருக்கிற யாரும் திறந்து பார்த்ததில்லை.

"பெறகு இப்ப ஏன் திறக்கணும்?"

"மழைக்காலத்துல கோயில் ஒழுகிருக்கு. பெட்டிக்கு அடியில செவப்பா ஒழுகிக் கெடக்கு. சாமி ரத்தம் விடுதுன்னு ஊரே நடுங்கிப் போச்சு."

"துரு மச்சான் அது."

"எனக்குத் தெரியுது. அவுகளுக்கு அது தெரியணும்ல. அதுமில்லாம, பெட்டி சொமக்குற வீட்டுப் பய ஒருத்தன் பட்டாளத்துல இருக்கான். சீனாக்காரன் சண்டையில போயிட்டுத் திரும்பி வந்தவன். அவன் வந்த பெறகுதான் ரத்தம் வந்துச்சுன்னு பேச்சு."

ஊர்த் தலைவரை அங்கே மன்னாடியார் என்பார்கள். நாங்கள் போனபோது நிதானமான, நரைத்த மீசைக்காரர் ஒருவர் வரவேற்றார். கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாய், திருவிழாவுக்கு மூணு நாள்தான் இருக்கு. பெட்டிய உடைச்சுப் பாத்துருவோம்கிறான் என் தம்பி. அது ஆகாது. நீங்க பூட்டு நோகாமத் தெறந்து குடுங்க. உள்ள என்ன கெடக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவர் தம்பியைச் சின்ன மன்னாடி என்றார்கள். கோபக்காரர், பக்கத்திலேயே நின்றார். "பாத்துட்டு அந்த வீட்டு ஆளு சொமக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும். நெஞ்சில வாங்கிச் செத்தவரு சட்டைய, முதுகுல வாங்கிட்டு ஓடியாந்தவன் தலையில ஏத்துறதா?" என்றார்.

பூட்டைப் பார்த்தேன். பெட்டி பலாமரம், இரும்புப் பட்டை அடித்தது. பூட்டு என் உள்ளங்கையைவிடப் பெரியது, அந்தக் காலத்துத் திருகுசாவிப் பூட்டு. சாவியின் நுனியில், திருகாணியில் இருப்பதுபோல மரை வெட்டியிருக்கும். உள்ளே விட்டுத் திருகத் திருக, ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கிற நாக்கு பின்னால் இழுபடும். அந்த மரைக்குப் பொருந்துகிற சாவி இல்லாவிட்டால் எந்த வித்தையும் பலிக்காது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, குச்சியில் மெழுகு உருட்டி உள்ளே அழுத்தி மரையின் அச்சை எடுத்துக்கொண்டேன். சாவியை அடிக்க உலை வேண்டும். ஊருக்கு வெளியே கொல்லரின் உலைக்களம் இருந்தது. அவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். உலையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள், துருத்தி ஊத மட்டும் யாரும் வரவில்லை. மச்சானுக்குப் பூண்டு பேரம்.

நான் தனியாகக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, கம்பளிக் கோட்டுப் போட்ட ஒருவர் லேசாகக் காலை இழுத்து நடந்து வந்து துருத்தியின் பக்கம் உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும்.

"நான் ஊதுறேன் பாய். எனக்கு ஊருக்குள்ள ஒரு சோலியும் இல்ல" என்றார்.

அவர்தான் அந்தப் பட்டாளத்துக்காரர், குழந்தைவேலு. அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த வருடம் பெட்டி சுமக்க வேண்டிய ஆள் அவர்தான். துருத்தியைச் சீராக ஊதினார். இரும்பு சிவந்தது. பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

"பனி பாய். இடுப்பளவு பனி. எங்ககிட்ட இருந்த தோட்டா தீந்துபோச்சு. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு, வந்தோம். வர்ற வழியில குண்டு வெடிச்சு முதுகுல இரும்புச் சில்லு பாஞ்சுருச்சு. குண்டு முன்னாடி பின்னாடி பாத்தா வெடிக்குது? ரெண்டு கால் விரலு பனியிலயே போச்சு. ஆஸ்பத்திரியில கெடந்துட்டு லீவுல வந்தேன். ஓடையில குளிக்கையில முதுகைப் பாத்துட்டாக. அம்புட்டுதான்."

"நீங்க எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னேன். என்கூட இருந்த எல்லாரும் அங்கேயே போயிட்டாக, நீ மட்டும் எப்படி வந்தேன்னு கேக்காக. அதுக்கு எனக்கே பதில் தெரியாது பாய்." துருத்தியை இன்னொரு தரம் அழுத்திவிட்டு, "லீவு முடிஞ்சதும் போயிருவேன். இனி இந்த ஊர்ப் பக்கம் வர்றதா இல்ல. அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்றார்.

நான் சாவியை அடித்தேன். முக்கோண அரத்தால் மரை போடுவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. பொழுது சாயும்வரை அராவியும் முடியவில்லை. மறுநாள் முற்பகலில்தான் முடிந்தது. அவர் இரண்டு நாளும் கூடவே இருந்தார்.

கோயில் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் தலைக்குக் குளிக்க வேண்டும் என்றார்கள். நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாசி மாதத்து மேல்மலை ஓடையில் முங்கி எழுந்தவர்களுக்குத்தான் அந்த நியாயத்தின் முழு எடையும் தெரியும். எனக்குப் பல் கிட்டிவிட்டது. மச்சான் துண்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைக் கோயில் முற்றத்தில் வெயிலில் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரே சுற்றி நின்றது. குழந்தைவேலு கூட்டத்துக்கு வெளியே, ஒரு மரத்தடியில் அம்மாவோடு நின்றார். சாவியை விட்டுத் திருகினேன். முதலில் அசையவில்லை. எண்ணெய் விட்டு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். உள்ளே நாக்கு முனகிக்கொண்டே நகர்வது விரலுக்குத் தெரிந்தது. கொளுக்கி விட்டுக்கொடுத்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

உள்ளே மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். ஒரு பக்கம் மட்டும் நனைந்து சிவந்திருந்தது. நான் அந்தத் துருவை விரலில் தொட்டு மன்னாடியாரிடம் காட்டினேன். மண்வெட்டியை மழையில் போட்டால் வருகிற அதே சிவப்பு. அவர் தொட்டு முகர்ந்து பார்த்து, பக்கத்தில் நின்றவர்களுக்கும் காட்டினார். ரத்தப் பேச்சு அதோடு முடிந்தது.

துணியைப் பிரித்துச் சட்டையை ஒரு கம்பளியின் மேல் விரித்தேன். என் வேலை, பெட்டி, சாவி எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோனது. நான் அதுவரை கவசம் என்றால் நாடகத்து ராஜா மாட்டும் தகரத்தைத்தான் பார்த்திருந்தேன். இது துணி மாதிரி மடிந்தது. கையில் அள்ளினால் தண்ணீர்போல வழிந்தது. பூண்டு நிறுக்கிற தராசில் பிறகு போட்டுப் பார்த்தோம், ஏறக்குறைய பத்து கிலோ. அத்தனையும் வளையங்கள், என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. ஒவ்வொன்றும் வேறு நான்கைக் கோத்துப் பிடித்திருந்தது.

ஒரு வளையம் எப்படி உருவாகியிருக்கும் என்று என் கை யோசித்தது. இரும்பை அடித்துக் கம்பியாக இழுக்க வேண்டும். கம்பியைத் தடியில் சுற்றி வளையம் வளையமாக வெட்ட வேண்டும். இரு முனையையும் தட்டையாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளை போட்டு, எள்ளைவிடச் சிறிய ஓர் ஆணியை விட்டு அடித்து மூட வேண்டும். இது ஒன்று. இப்படி ஆயிரக்கணக்கில். ஒன்றில் ஆணி நழுவினாலும் ஈட்டி அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும். பூட்டில் ஒரு ஆணி நழுவினால் வாடிக்கையாளர் திட்டுவார். இவன் வேலையில் பிழை வந்தால் ஒரு ஆள் போய்விடுவான். அந்தப் பெயர் தெரியாத தொழிலாளியை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உடலைக் காக்கும் சட்டைக்குச் சங்க காலத்துச் சொல் மெய்ம்மறை. தோலில் தொடங்கியது. இரும்பு வளையச் சட்டை உலகத்தில் புழக்கத்துக்கு வந்தே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் பக்கத்தில் சுல்தான்களின் படையும் பிறகு மைசூர்க் குதிரைப்படையும் அணிந்தன. காற்று உள்ளே போகும் என்பதால் இந்த வெயிலுக்கும் ஓரளவு தாங்கும். துப்பாக்கி பெருகியதும் அதன் காலம் முடிந்தது. ஒரு மலைக் குடியானவருக்கு இது எப்படிக் கிடைத்தது என்பது எனக்குத் தெரியாது. ஊகித்து எழுத விரும்பவில்லை.

விரித்து வைத்துத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். முன்பக்கத்தில் ஒரு வளையம்கூட அறுபடவில்லை. நெஞ்சு முழுதாக இருந்தது. கைவிட்டுப் பின்பக்கத்தைத் தடவினேன். வலது தோள்பட்டைக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்கு வேறு மாதிரி வளையங்கள் விரலில் நெரடின.

மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். நான் மெல்லச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "மாப்ள, இப்படியே வச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இரு. அது அவுக சாமி. நமக்கு எதுக்கு?" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிழைப்புக்கு வந்த இடத்தில் ஒரு ஊரின் சாமிக் கதையைக் கலைக்க எனக்கு என்ன உரிமை?

அதற்குள் சின்ன மன்னாடி முன்னால் வந்தார். "பாய், நெஞ்சில ஈட்டி பாஞ்ச எடம் எது? காட்டுங்க. ஏலே குழந்தைவேலு, அங்க ஏன் நிக்க? வந்து பாரு. ஆம்பள எங்க காயம் வாங்கணும்னு தெரிஞ்சுக்க."

குழந்தைவேலு வரவில்லை. அவர் அம்மா வந்தார். ஒல்லியான பெண்மணி, முக்காடு போட்டிருந்தார். கம்பளியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "காட்டுங்க தம்பி. நானும் பாக்கேன்" என்றார்.

இனி மறைக்க முடியாது. மன்னாடியாரைப் பார்த்து, "ஐயா, நெஞ்சில ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டேன்.

கூட்டம் நெருங்கிக் குனிந்தது. அந்த இடம் கண்ணுக்கே தெரிந்தது. சுற்றிலும் நுணுக்கமான, ஆணி அடித்த வளையங்கள். நடுவில் தடிப்பான, ஆணி இல்லாமல் முனைகளை வெறுமனே நெருக்கி வைத்த வளையங்கள். முன்னது ஏதோ ஒரு பெரிய பட்டறையின் வேலை. பின்னது மண்வெட்டி அடிக்கிற உலையில் அடித்தது. இரண்டு நாளாக நான் இருந்த உலைக்களம் போன்ற ஒன்றில்தான்.

"என்னங்க இது?" என்றார் மன்னாடியார்.

"இந்த எடத்துல ஈட்டியோ எதுவோ குத்தி வளையம் அறுந்திருக்குங்க. பெறகு யாரோ ஒட்டுப் போட்டிருக்காக."

"அப்ப அவரு முதுகுலயா..." என்று யாரோ ஆரம்பித்து நிறுத்தினார்கள்.

சின்ன மன்னாடியின் முகம் கறுத்தது. "செத்த பெறகு சட்டை கிழிஞ்சிருக்கக் கூடாதேன்னு ஒட்டுப் போட்டிருப்பாக" என்றார்.

அதற்குப் பதில் இரும்பில் இருந்தது. ஒட்டுப் போட்ட வளையங்களில் ஒன்றை விலக்கி அவருக்குக் காட்டினேன். ஒன்றோடு ஒன்று உரசும் உள்விளிம்பு தேய்ந்து பள்ளமாகியிருந்தது. "பெட்டிக்குள்ள கெடக்குற சட்டை தேயாதுங்க. ஆளு உடம்புல கெடந்து, நடந்து, ஏறி இறங்கி, வருசக்கணக்கா உரசுனாத்தான் இப்படித் தேயும். ஒட்டுப் போட்ட பெறகு இதை நெறைய நாளு போட்டிருக்காக."

சின்ன மன்னாடி வளையத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். குழந்தைவேலுவின் அம்மாவும் தடவினார். அவர்தான் முதலில் பேசினார். சத்தமாகக்கூட இல்லை.

"அப்ப அவரு சாகலை. திரும்பி வந்திருக்காரு. வந்து, காயம் ஆறி, ஒட்டுப் போட்டு மாட்டிக்கிட்டு இந்த மலையில நடந்திருக்காரு." கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவரு வம்சம்னுதான எல்லாரும் பெருமை பேசுறீக? வந்தவரு பெத்த புள்ளைகளா இருக்கும் நம்ம பாட்டன்மாரு. வரக்கூடாதுன்னு யாராச்சும் சொல்லிருந்தா நீங்க ஏது, நான் ஏது?"

"இது வேற யாரு சட்டையோ" என்றார் சின்ன மன்னாடி. குரலில் பழைய வேகம் இல்லை. என்னைப் பார்த்தார்.

"இருக்கலாமுங்க. இரும்பு பேரு சொல்லாது. முதுகுல அடி வாங்குன ஒருத்தர் பொழைச்சு வந்து மறுபடியும் மாட்டிக்கிட்டாருன்னு மட்டும்தான் சொல்லுது" என்றேன்.

மன்னாடியார் உட்கார்ந்து சட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எழுந்தார். "யாரா இருந்தா என்ன? திரும்பி வந்த ஒருத்தரோட சட்டையத்தான் நம்ம முன்னோரு பூட்டி வச்சுக் கும்பிட்டிருக்காக. அவுகளுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? நடுவுல வந்த நாமதான் கதைய மாத்திட்டோம்." மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "குழந்தைவேலு, வாப்பா. துரு எடுக்கணும். பாய்க்கு ஒத்தாசை பண்ணு. நாளன்னிக்கு நீதான் சொமக்கணும்."

அவர் வந்தார். முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்த ஒட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தோள் குலுங்கியது. அம்மா அவர் முதுகைத் தொட்டுக்கொண்டே நின்றார். நான் என் அரங்களைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

துரு எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் சின்னச் சாமான்களில் துரு ஏறினால் சாக்கில் மரத்தூளோடு போட்டுக் குலுக்குவோம். அதே வழிதான். பூண்டுச் சாக்கில் காய்ந்த மணலும் தவிடும் போட்டு, சட்டையை உள்ளே வைத்துக் கட்டி, நானும் குழந்தைவேலுவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆட்டினோம். ஊஞ்சல் ஆட்டுவது மாதிரி. நாங்கள் ஓய்ந்தபோது வேறு இரண்டு பேர் பிடித்தார்கள், பிறகு வேறு இரண்டு பேர். வளையங்கள் தம்மைத் தாமே தேய்த்துக்கொண்டு, சாயங்காலம் பார்த்தால் மேகம் போட்ட வானத்தின் நிறத்தில் மின்னின. ஒரு கைப்பக்கம் மட்டும் துரு தின்று கட்டியாகிவிட்டது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. மலைத்தேன் மெழுகை விளக்கெண்ணெயில் உருக்கிப் பூசினோம். பூட்டுக்கு இரண்டு சாவி செய்து கொடுத்தேன். ஒன்று மன்னாடியாரிடம், இன்னொன்று கோயிலில்.

திருவிழா வரைக்கும் தங்கிவிட்டேன். மச்சான் மட்டும் பூண்டோடு போனார். பெட்டியைத் தூக்கும் நேரத்தில், சுமை தாங்கத் தலையில் வைக்கிற துணிச் சும்மாட்டைச் சுருட்டிக் குழந்தைவேலுவின் தலையில் வைத்தவர் சின்ன மன்னாடி. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் சும்மாட்டைச் சரிசெய்து, சரிசெய்து, திருப்தியாகும்வரை விடவில்லை. குழந்தைவேலு விரல் போன காலோடு, மேடும் பள்ளமுமான அந்த ஊர்ச் சந்துகளில் எங்கும் இறக்கி வைக்காமல் சுற்றி வந்தார்.

நாங்கள் இருவரும் ஒன்றாகவே பூம்பாறைக்கு இறங்கி லாரி பிடித்தோம். ஊருக்கு வரமாட்டேன் என்று சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை. கொடைக்கானல் பஜாரில் பிரியும்போது அவரே, "அடுத்த மாசிக்கு வந்துருவேன் பாய்" என்றார். வந்தார், லீவு கிடைத்த வருடமெல்லாம் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அதே ஊரில் பூண்டு போட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஒரு மூட்டைப் பூண்டோடு அவர் வந்து இறங்குவது வழக்கமாகிவிட்டது. போன பத்தாண்டில்தான் காலமானார்.

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூம்பாறைக்குக் கொடைக்கானலிலிருந்து இப்போது பஸ்ஸே இருக்கிறது, காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். தை, மாசியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் கம்பளி இல்லாமல் போகாதீர்கள். கல்திட்டைகளின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், கல் சரியும், அதோடு அவை கல்லறைகள். நான் சொன்ன ஊரைத் தேடிப் போகவும் வேண்டாம். பெட்டியை வேற்றாளுக்காக அவர்கள் திறப்பதில்லை, திறக்கச் சொல்லிக் கேட்பதும் அழகில்லை. அதனால்தான் பெயரை எழுதவில்லை.

இரும்புச் சட்டை பார்க்க ஆசையிருந்தால் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போங்கள். எங்கேயும் நெஞ்சுப் பக்கத்தைத்தான் வெளியே தெரியும்படி மாட்டியிருப்பார்கள். காவலரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டியின் பின்னால் போய்ப் பாருங்கள். எங்கேயாவது தடிப்பான, பொருந்தாத வளையங்கள் தென்பட்டால் கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள். யாரோ ஒருவர் உயிரோடு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.